வீரபாகு வைத்த செய்வினை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீரபாகுவுக்கு இரண்டு தொழில். வருஷம் முழுக்கப் பாவு பிணைப்பார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் மிச்ச நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொரு இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டு ஒரே திருகு. சேர்த்த இடம் எது என்று அவருக்கே பிறகு தெரியாது. கோடை வந்துவிட்டால் இரண்டாவது தொழில், கூத்தில் மந்திரவாதி வேஷம்.

மந்திரம் என்று ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. வேஷத்தின் ரகசியத்தை ஒரு தவறுதான் கற்றுக்கொடுத்தது. ஒரு வருஷம் நடு ஆட்டத்தில் வசனம் மறந்துபோய், என்ன செய்வதென்று புரியாமல் எதிரே இருந்த புளியமரத்தையே முறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார். முன்வரிசைப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் புளியமரத்துக்கு யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். நாம் பேசாமல் இருந்தால் மிச்சத்தைப் பார்க்கிறவர்களே சேர்த்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அரிதாரம் இல்லாமல், பட்டப்பகலில், தெரிந்த மனிதர்கள் முன்னால் இது பலிக்குமா? இந்தக் கேள்வி பதினோரு வருஷமாக அவரைக் குடைந்துகொண்டிருந்தது. மனைவி கலாவதியிடம் மட்டும் சொல்லியிருந்தார். வேலையைப் பார்க்கச் சொன்னாள் அவள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் தில்லையம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் பத்து நாள் முன்பு பிணைத்த பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். தில்லையம்மாள் விதவை, மகன் குமாரசாமிதான் தறியில் உட்காருகிறவன். வீரபாகு போய்ப் பார்த்தார். அறுந்ததெல்லாம் வலது கரையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, ஒரே இடம். அவர் பிணைத்த இடத்தில் ஒன்றுகூட அறவில்லை. இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அச்சு, சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். அதில் ஒரு பல் மயிரிழை வளைந்து பட்டு இழையை அறுத்துக்கொண்டிருந்தது. பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துவிடுவதால் அச்சை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. தை மாதம் குமாரசாமி கல்யாணத்துக்குப் பந்தி போட இடம் வேண்டுமென்று தறியைப் பிரித்துச் சுருட்டி வைத்தார்களே, அப்போது அடிபட்டிருக்கும்.

சொன்னார். தில்லையம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது செத்துப்போன புருஷன் வாங்கிப்போட்ட அச்சு. வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைக்கிறாள். அதைக் குறை சொன்னால் புருஷனையே குறை சொன்னது போல. வீரபாகுவை அச்சைத் தொடவும் விடவில்லை. பாவு அறுவது எப்போதிலிருந்து என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தை மாதம் மாகறலிலிருந்து மருமகள் தேவகி வந்ததிலிருந்து. அவள் கைபட்டுத்தான் மூன்று பாவும் இப்படி ஆயிற்று. வருகிற அமாவாசையன்று தறி ஓடாது. அன்று மதிய பஸ்ஸில் அவளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வருவதென்று முடிவாகிவிட்டது. குமாரசாமி தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் மூலையில் ஊடை நூலைத் தாரில் சுற்றிக்கொண்டு, காது கேளாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

வீரபாகு யோசித்துப் பார்த்தார். அவள் போன பிறகு யாராவது அந்தப் பல்லை நிமிர்த்தினால்கூட, பாவு அறாததற்கு அவள் போனதுதான் காரணம் என்பார்கள். பழி ஆயுசுக்கும் போகாது. பல் நிமிரும்போது அவள் இந்த வீட்டில் இருந்தாக வேண்டும். இது நியாயமான யோசனை. இதன் பின்னாலேயே அந்தப் பதினோரு வருஷக் கேள்வியும் வந்து நின்றது என்பதை மறைக்க வேண்டாம்.

அமாவாசை காலையில் குளித்து, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வெறும் வேட்டியோடு போனார். யாரிடமும் பேசவில்லை. நேராகத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். அமாவாசையில் தறியைத் தொடுகிற ஆளை அந்தத் தெருவே பார்த்ததில்லை. தில்லையம்மாள் வாய் திறந்தபடி நின்றாள். அவர் உத்தரத்தை முறைத்து மூச்சைப் பிடித்தார். குமாரசாமி கைகூப்பிவிட்டான். அட, பலிக்கிறதே என்று அவருக்குள் ஒரு குறுகுறுப்பு.

தறியில் ஏதோ கட்டியிருக்கிறது, அவிழ்க்கிற நாள் இன்றுதான் என்று மட்டும் சொன்னார். தேவகியைப் பாவின் மேல் கை வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டார்கள். இடுப்பிலிருந்து முள்வாங்கியை எடுத்துப் பல்லை நிமிர்த்தினார். தீப்பெட்டி மருந்துப் பட்டையால் இரண்டு தேய்ப்பு. அந்தச் சத்தத்துக்குத் தில்லையம்மாள் முருகா என்றாள். பிறகு குமாரசாமியை உட்காரவைத்து ஒரு சாண் நெய்யச் சொன்னார். தேவகியின் கை பாவின் மேலேயே இருந்தது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்ப் போய் வந்தது. ஒரு இழைகூட அறவில்லை.

வீரபாகு எழுந்து புறப்பட்டார். மேடையில் மந்திரவாதி இந்த இடத்தில் திரைக்குப் பின்னால் போய்விடுவான். இங்கே திரை இல்லை.

"கட்டினது யாரு? அத்தச் சொல்லிட்டுப் போ வீரபாகு" என்றாள் தில்லையம்மாள்.

இதை அவர் யோசித்தே வைத்திருக்கவில்லை. செய்வினை என்று ஒன்று இருந்தால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் பேசாமல் நின்றார். மிச்சத்தைப் பார்க்கிறவர்களே சேர்த்தார்கள். தில்லையம்மாளின் பார்வை மெல்லப் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போனது. அங்கே வடிவு இருக்கிறாள். தனிக்கட்டை, இந்த வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறாள்.

"எனக்குத் தெரியும். தெனமும் குடத்தத் தூக்கிக்கினு வந்து தறியையே பாத்துக்கினு நிப்பா. அவதானே?"

குமாரசாமி எழுந்துவிட்டான். ஒருத்தியைக் காப்பாற்ற வந்து இன்னொருத்தியை மாட்டிவிட்டோமே என்று வீரபாகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சு, பல், முள்வாங்கி என்று இனி உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பப் போவதில்லை. அவரது நடிப்பு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

"அவ இல்லக்கா. நான்தான்" என்றார்.

தில்லையம்மாள் ஒரு அடி பின்னால் போனாள்.

"போன வருசம் என்ன வுட்டுட்டு வேற ஆள வச்சி பாவு பிணைச்சீங்க இல்ல? அந்த ஆத்திரம். மனசு கேக்கல, நானே அவுத்துட்டேன். உம் மருமவ மேல ஒரு குத்தமும் இல்லக்கா. இனிமே அறாது."

அறவில்லை. தேவகி மாகறலுக்குப் போகவில்லை. வடிவு வழக்கம்போல வந்து தண்ணீர் இறைத்தாள்.

வீரபாகுவைத்தான் அதன் பிறகு ஒருவரும் பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை. ஆத்திரம் வந்தால் செய்வினை வைக்கிற விரலைத் தறியில் யார் விடுவார்கள்? பாவுக்குக் கூப்பிடாத வீட்டுக்காரர்கள், சந்தில் நிறுத்தி, இன்னார் தறியைக் கட்ட முடியுமா என்று விசாரித்தார்கள். முடியாது என்றால், கூலி போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு படி அரிசி கூட்டினார்கள். அவருக்கு இது பெரிய ஆச்சரியம். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி ஒரு ஆளைக்கூட நம்பவைக்க முடியவில்லையே என்று கலாவதியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவள் ஒரு நாள் சிரித்தாள், ஒரு நாள் அழுதாள். கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் அவரைத் தெரியாத நெசவாளர் சிலர் வேலை கொடுத்தார்கள். தினமும் நடந்து போய்வந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, பங்குனி வெயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே தேவகி வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வாழ்கிற களை முகத்தில் தெரிந்தது. எல்லோரும் எதை வேண்டுமானாலும் நம்பட்டும், பாவின் மேல் கை வைத்திருந்த இவளுக்காவது தெரிந்திருக்கும் என்று அவர் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தார். முள்வாங்கி பட்ட அதிர்வு அவள் விரலுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? நின்று, சௌக்கியமாம்மா என்று கேட்டார்.

தேவகி ஓரமாக ஒதுங்கினாள். சௌக்கியம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள்.