சீமாட்டியின் வீக்கம்

என் பேத்தி பிறந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் கண்ணில் பட்டாலும் அவள் கொட்டாவி விடுகிற அழகைச் சொல்லாமல் விடுவதில்லை. நேற்று ஊசி போட்ட இடத்தில் பிள்ளையின் தொடை கட்டியாக வீங்கியது. "ஏதாவது தடவுங்கப்பா" என்று மகள் அழுதாள். "விடும்மா, அது வேலை செய்யுது" என்றேன். சொன்னதும் மச்சான் ஞாபகம் வந்தது.

மச்சான் என்றால் என் அக்காவின் புருஷன்; சின்ன வயதில் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மருந்து தயாரிக்கிற இடத்தில் குதிரை லாயம் பார்த்தார். துருப்பிடித்த ஆணி குத்தி வாய் இறுகிப்போகிறவர்களைக் காப்பாற்றும் மருந்து, அங்கே குதிரை ரத்தத்திலிருந்து வந்தது. அந்த நோய்க் கிருமியின் விஷத்தை வீரியம் குறைத்து, வேறொரு செத்த கிருமியின் தூளையும் சேர்த்துக் கழுத்தில் ஊசியாகப் போடுவார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்த்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும்.

லாயத்தில் ஒரு வெள்ளைப் பெண்குதிரை. யார் கொடுத்தாலும் தண்ணீர் குடிக்காது, மச்சான் கொடுத்தால்தான் குடிக்கும். அதனால் அதற்குச் சீமாட்டி என்று பெயர்.

"அவளுக்கு உடம்பு தேய்க்கிற நேரத்துல எனக்கு முதுகு சொறிஞ்சு விடக்கூடாதா?" என்பாள் அக்கா.

"நீ உதைப்பே, அவ உதைக்க மாட்டா" என்பார் மச்சான்.

வயதாக ஆகச் சீமாட்டியின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் குறைந்தது. "இந்தத் தடவையும் ஏறலேன்னா கழிச்சு விட வேண்டியதுதான்" என்றார் குதிரைகளைப் பார்க்கிற டாக்டரம்மா. கழித்துவிட்ட குதிரைகளை ஏற்றிய லாரி எங்கே போகும் என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை.

கடைசி ஊசி போட்டார்கள். கழுத்து பூசணிக்காய் மாதிரி வீங்கியது. சீமாட்டி தலையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. கால் சுளுக்கிய வேறொரு குதிரைக்குக் கொடுத்து மிச்சமிருந்த, வீக்கம் வற்றுகிற மருந்தைத் தவிட்டில் பிசைந்து தினமும் ஊட்டினார். வீக்கம் வடிந்தது. "பொழைச்சுட்டாடா!" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஏறவில்லை.

"கழுத்து வீங்கவே இல்லையாய்யா?" என்றார் டாக்டரம்மா.

"வீங்குச்சும்மா. நான்தான் மருந்து குடுத்து வத்த வெச்சேன்."

டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி மனுஷா! அந்தச் செத்த கிருமித் தூளைப் பார்த்துட்டுத்தான் உடம்புல இருக்கிற காவல் அணுக்கள் ஓடி வந்து கூடுது. அந்தக் கூட்டந்தான் வீக்கம். எதிர்ப்புப் பொருள் செய்யச் சொல்லி மத்த அணுக்களை எழுப்புறதே அதுங்கதான். நீ அவ்வளவு பேரையும் தூங்க வெச்சுட்டியே!"

"இன்னொரு ஊசி போட்டுப் பாருங்கம்மா. நான் பக்கத்துலயே போகல."

"கிழவிய்யா அவ. இன்னொண்ணு தாங்க மாட்டா."

லாரி வந்த அன்று மச்சான் வீட்டிலேயே படுத்துக்கிடந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் லாயத்து ஆள் வந்து நின்றான். "அண்ணே, நாலு பேர் இழுத்தும் ஏற மாட்டேங்குது. அடிச்சும் பார்த்துட்டாங்க. நீங்க வந்தாத்தான் ஆகும்."

"அடிச்சீங்களா?" என்று எழுந்து போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அவரைப் பார்த்ததும் சீமாட்டி காதை நிமிர்த்தியது. மச்சான் கயிற்றைக்கூடத் தொடவில்லை. லாரியில் சாய்த்திருந்த பலகையில் கால் வைத்து அவர் முன்னால் ஏறினார். அது அவர் முதுகை முகர்ந்துகொண்டே பின்னால் ஏறிவிட்டது.