பஜ்ஜியைத் தொடாத மேடம்

தங்கபுஷ்பத்தைப் பெண் பார்க்க வந்தவர்களை ஒரே நாளில் கூப்பிட்டு உட்கார வைத்தால் மயிலாப்பூரில் ஒரு சபாவே நிரம்பிவிடும். திருச்செந்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் இருந்தபோது வந்தார்கள். தி.நகர் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், கே.கே. நகர் அத்தை வீட்டில் வைத்துக் காட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜி தின்றார்கள், கேசரி தின்றார்கள், காபியில் சர்க்கரை தூக்கல் என்று அபிப்பிராயமும் சொன்னார்கள். அப்புறம், "வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். நாற்பது வயதில் தங்கபுஷ்பம், "இனிமே எவனுக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவள் அடுப்பு பஜ்ஜியைப் பார்க்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. பட்டுப் பிரிவில் அவள் முன்னால் உட்கார்ந்த எவரும் வெறுங்கையோடு எழுந்ததில்லை. "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று வருகிறவர்களை இரண்டு புடவையைக் கையில் கொடுத்து அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவள் வயிற்றில்தான், போன ஆவணியில் பத்து வயது பூஜா வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஒரு பயம் குடியேறியிருந்தது.

பூஜா தத்தெடுத்த பிள்ளை இல்லை. அரசாங்க ஹோமில் இருந்த பிள்ளையை இவள் வீட்டில் விட்டு வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வருடம் முடிகிறபோது ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். திருப்தி என்றால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பிள்ளை மறுபடி ஹோமுக்குப் போய்விடும். இந்தக் கடைசிச் சமாசாரத்தைத் தங்கபுஷ்பம் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

பூஜாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வந்த முதல் வாரமே, தலைக்கு எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தபோது, "இன்னா ஆன்ட்டி, என் தலையில வடை சுடப் போறியா?" என்று கேட்டவள். தங்கபுஷ்பம் பதிலுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டு, அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துக் கடையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயாடிக்கு ஒரு வாயாடி கிடைத்துவிட்டாள் என்று அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அதிகாரியின் போன் ஆடி மாதத்தில் வந்தது. மதுமதி என்று பெயர் சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரேன்மா. உங்களையும் பூஜாவையும் பார்த்துட்டுப் போய் ரிப்போர்ட் கொடுப்பேன். அப்புறமா கமிட்டி முடிவு சொல்லும்."

பார்த்துவிட்டுப் போய், அப்புறமாக முடிவு. தங்கபுஷ்பம் இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்!

"மேடம், ஆடி மாசம் நடக்கே," என்று இழுத்தாள். "ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து வாங்களேன்."

"எதுக்கும்மா? ஆடித் தள்ளுபடில லீவு தர மாட்டாங்களா?"

ஆடியில் யாராவது பெண் பார்க்க வருவார்களா என்று அரசாங்கத்திடம் கேட்க முடியுமா? "ஆமா மேடம், லீவுதான்" என்று சமாளித்துவிட்டு, கடையில் அழாத குறையாகக் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அது சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன், இருப்பதே ஒன்றரை அறை. அதை மூன்று தடவை கழுவினாள். கீழ் வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன், ரிட்டயரான மனுஷர், "நம்மாத்துக்கு ஆபீசர் வரான்னா நாற்காலி வேண்டாமா?" என்று நாலு நாற்காலியை ஏற்றிவிட்டு, அதில் ஒன்றில் தானும் உட்கார்ந்துகொண்டார். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது. வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, முந்திரி போட்ட கேசரி எல்லாம் தயாரானது. பூஜாவுக்குக் கடையிலிருந்து புதுப் பட்டுப்பாவாடை வந்தது.

விசித்திரம் என்னவென்றால், பூஜா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஸ்கூலுக்கு மட்டம் போடு என்றதற்கும் பேசவில்லை. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னியபோதும் தலையைக் கொடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் சீப்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். 'சரிதான், இந்தப் பிள்ளையும் மனசுல முடிவு பண்ணிட்டு. அந்தம்மா கேட்டதும் வேண்டாம்னு சொல்லப் போவுது' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த வேகத்தில் கேசரியில் இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றினாள்.

நாலு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கிய மதுமதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தங்கபுஷ்பம் அரக்குப் பட்டும் மல்லிகைப்பூவுமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வந்தாள். தட்டை வைத்தாள். பழக்க தோஷம், அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டும் விட்டாள்.

மதுமதி பதறிப்போய்க் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். "என்னம்மா இது, எழுந்திருங்க. எனக்கு உங்க பொண்ணு வயசு."

"பஜ்ஜி எடுத்துக்கிடுங்க மேடம்."

"இல்லம்மா, விசிட்டுக்கு வந்த இடத்துல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது. தப்பா நினைக்காதீங்க."

தங்கபுஷ்பத்துக்குத் தலையில் இடி விழுந்தது. இதுவரை அவளை வேண்டாம் என்ற அத்தனை பேரும் தின்றுவிட்டுத்தான் சொன்னார்கள். தின்னாமலே சொல்லப்போகிற முதல் ஆள் இந்தப் பெண்தான்.

கஸ்தூரிரங்கன் நிலைமையைக் காப்பாற்றப் புறப்பட்டார். "தங்கமான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா," என்றார். காலையில் தண்ணீர் கேன்காரரிடம் தங்கபுஷ்பம் போட்ட சத்தம் குளத்தின் மறுகரைக்குக் கேட்டிருந்தது.

"சார் நீங்க யாரு?" என்றாள் மதுமதி.

"நான் பொண்ணுக்கு வேண்டியவன்."

"கொஞ்சம் கீழ இருக்கீங்களா சார்? நான் இவங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் பேசணும்."

அவர் மனத்தாங்கலோடு எழுந்தார். போகிறபோது பஜ்ஜித் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

"பூஜா, உன் புக்ஸ், டிரெஸ் எல்லாம் எங்க வச்சிருக்க? காட்டறியா?" என்று மதுமதி கேட்டாள்.

பூஜா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து வந்து அவள் காலடியில் வைத்தாள். ஜிப் போட முடியாத அளவுக்கு அடைத்திருந்தது. மேலே ஸ்கூல் ஷூ ஒரு கவரில் சுற்றியிருந்தது.

"எல்லாம் இதுலதான் கீது. போலாமா?"

"எங்க போறது?"

"ஹோமுக்கு. அதுக்குத்தான வந்துகீறீங்க?" பூஜா பாவாடைக் கரையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "மின்ன இருந்த வீட்லயும் இப்டித்தான். புது டிரெஸ் வாங்கிக் குடுத்தாங்கோ. கேசரி கிண்டினாங்கோ. மேடம் ஒருத்தவங்க வந்தாங்கோ. அப்பால ஒத்துவரலன்னு சொல்லி அனுப்சிட்டாங்கோ."

கேசரிக் கிண்ணத்தோடு வந்த தங்கபுஷ்பம் நடுவழியில் நின்றுவிட்டாள். காலையிலிருந்து இந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தது அவளை வேண்டாம் என்பதற்காக இல்லை. போய்விடத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, எண்ணெய்த் தலையோடு, ஒரு வார்த்தை கேட்காமல். நெஞ்சு பொறுக்கவில்லை அவளுக்கு. நெஞ்சு பொறுக்காதபோது அவளுக்குக் கோபம்தான் வரும்.

"ஏட்டி, கூறுகெட்டவளே," என்று கத்தினாள். "உன்னை அனுப்பி வைக்கவா நான் முந்திரிய அள்ளிப் போட்டேன்? அனுப்புததுன்னா வெறும் உப்புமா போதாதா? உன்னை இங்கனயே வச்சுக்கிடத்தாண்டி இந்தப் பாடு படுதேன்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான ஆன்ட்டி?"

"எப்படிச் சொல்ல? நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு நானே ஒரு வாரமா தூங்காமக் கெடக்கேன்."

"நான் இன்னாத்துக்கு வேணான்னு சொல்றேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். தெருக்கோடியில் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, மதுமதி பேனாவை எடுத்தாள்.

"தனித்தனியா கேக்க வேண்டிய கேள்வி. உங்க விஷயத்துல சேர்த்தே கேட்டுடறேன். பூஜா, இங்கயே இருக்க உனக்கு இஷ்டமா?"

"ஆன்ட்டி குறட்டைதான் பேஜாரு மேடம். பழகிக்கினேன். இருக்கேன்."

"நீங்க சொல்லுங்கம்மா. பூஜாவை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள். பாடத் தெரியுமா, எத்தனை பவுன் போடுவீர்கள், நிறம் கொஞ்சம் மட்டோ என்றெல்லாம் கேட்டவர்களில் ஒருவர்கூட, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவளைக் கேட்டதில்லை. நாற்பத்தொன்பது வயதில் இப்போதுதான் கேட்கிறார்கள். எந்த வாடிக்கையாளரிடமும் தோற்காத வாய்க்குப் பதில் கிடைக்கவில்லை.

அதற்குள் பூஜாவின் தலை குனிந்துவிட்டது. பதில் வருகிறவரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். இந்தச் சென்னையில் அவளைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. ஒரு நொடிகூட இந்தப் பிள்ளையை அப்படி நிறுத்தி வைக்கக் கூடாது.

"பிடிச்சிருக்கு மேடம்," என்றாள். "வாய் ஜாஸ்தி, கறிவேப்பிலையப் பொறுக்கிப் பொறுக்கி வைக்கும், தூக்கத்துல என் வயித்துல உதைக்கும். பிடிச்சிருக்கு. எத்தனை தடவ கேட்டாலும் பிடிச்சிருக்கு."

மதுமதி சிரித்தாள். "நான் எழுதறதைக் கமிட்டி பெரும்பாலும் மாத்தாதும்மா. பயப்படாதீங்க."

"மேடம், புடிச்சிருக்குன்னு மொதல்ல எழுதிக்கோங்க," என்று பூஜா அவசரப்பட்டாள். "அப்பால ஆன்ட்டி வேற மாரி சொல்லிடப் போவுது."

மதுமதி எழுதினாள். பூஜா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள்ளேயே கூட்டிப் படித்தாள்.

"அடியில கோடு போடுங்க மேடம்," என்றாள்.

மதுமதி இரண்டு கோடாகவே போட்டாள்.