பாதிப் பொருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நாற்காலிக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த ஃப்ளாஸ்க்கைச் சிஸ்டர் திறந்து முகர்ந்து பார்த்தார். எனக்கு ஊசி போட வந்தவர், ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"என்னக்கா இது?"

"நிலவேம்புக் கஷாயம்தான் சிஸ்டர்."

"எத்தன நாளா குடிக்கிய?"

நாலு நாளாக என்றேன். அவர் ஃப்ளாஸ்க்கோடு டாக்டர் அறைப் பக்கம் போனார். நிதானமாக நடப்பவர் அன்று கிட்டத்தட்ட ஓடினார். அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் படுத்திருந்தாள். பதினேழு வயது. ஒரு முறை அடங்கிய ரத்தப் புற்றுநோய் மறுபடி தலைதூக்கியிருந்தது. கடும் மருந்துகள் கொடுத்து அவள் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்திருந்தார்கள். மறுநாள் என் ரத்தத்திலிருந்து தாய்ச்செல்களைப் பிரித்து அவளுக்கு ஏற்ற வேண்டும். அவற்றைப் பெருக்கத்தான் எனக்கு ஐந்து நாளாக ஊசி. அவள் அப்பாவுக்கு இதய நோய். எனவே கொடையாளி நான் ஒருத்திதான். என்னிடமிருந்து எடுக்க முடியாமல் போனால், காலியானது காலியாகவே கிடக்கும்.

சிஸ்டர் நாகர்கோவில்காரர். டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். எனக்கும் மகளுக்கும் திசு வகை பாதிதான் பொருந்துகிறது என்று அறிக்கை வந்த நாளில் நான் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "பொருந்தாத பாதி சும்மா கெடக்கும்னு நெனைக்கியளா? சில நேரம் அதுதான் சண்ட போடும், கேட்டியளா." அன்றுதான் இயற்கைக் கொல்லி செல்கள் என்று ஒரு வகை வெள்ளையணு இருப்பதை முதன்முதலாக அறிந்தேன்.

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. அதைத் தெரிந்துகொண்ட சிஸ்டர், வருகிறவர்களின் அடையாள அட்டை பார்க்கும் என் வேலையை வைத்தே விளக்கினார். நம் செல்கள் ஒவ்வொன்றும் மேலே ஓர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருக்கும். உடலின் காவல் செல்களில் ஒரு வகை, அந்த அட்டையில் ஏதாவது தப்பாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். தந்திரமான புற்றணு அட்டையையே கழற்றி ஒளித்துவிடும். படிக்க ஒன்றும் இல்லாததால் அந்தக் காவலர் தாண்டிப் போய்விடுவார். இயற்கைக் கொல்லி செல்லோ அட்டை இல்லாதவனைத்தான் பிடிக்கும். முன்பயிற்சி எதுவும் அதற்கு வேண்டாம். என் உடலில் வளர்ந்த கொல்லி செல்கள் என் வீட்டு அட்டையைத்தான் தேடும். மகளின் புற்றணுக்களில் அது பாதி இருக்காது. அந்தக் குறையே அவற்றைக் காட்டிக்கொடுக்கலாம்.

"அப்போ அவளோட நல்ல செல்லையும் அடிச்சிடாதா?" என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல செல் அமைதியாக இருக்கும், கெட்டது பதற்றத்தில் வேறு சில அறிகுறிகளை வெளியே நீட்டும், இரண்டையும் எடைபோட்டுத்தான் கொல்லி செல் கை வைக்கும் என்றார். எல்லா நோயாளிக்கும் இப்படி நடப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். நான் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கவில்லை.

எனக்கு ஊசி தொடங்கிய மறுநாளே, நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நிலவேம்புப் பொடி வாங்கினேன். காய்ச்சலுக்கு அது கேட்கும் என்றால் சண்டைக்குப் போகும் செல்களுக்கும் தெம்பு தரும் என்று ஒரு கணக்கு. படித்தவள்தான். பயத்தில் படிப்பு எங்கே போனதோ.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. கஷாயத்தாலா, ஐந்து நாள் ஊசியாலா என்று சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். செல் பிரிப்பது ஒரு நாள் தள்ளிப்போனது. சிஸ்டர் என்னிடம் வந்து நின்றார். "ஒங்க செல்லு என்ன பயில்வானாக்கா, கஷாயம் குடிச்சித் தேற? அந்தப் புள்ள உள்ள காலியா கெடக்கு. ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?" குரலை உயர்த்தவில்லை. அதன்பின் வேலைக்குத் தேவையானதைத் தவிர என்னிடம் எதுவும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் அளவுகள் இறங்கின. அதற்கடுத்த நாள் எடுத்த செல்கள் ஒரு சிறிய பையில், தக்காளி ரசத்தின் நிறத்தில், மகளுக்குள் இறங்கின. அவள் இன்டர்காமில் கேட்டாள்: "மம்மி, உன் செல்ஸ் உள்ள வந்தும் 'ஜல்தி எழுந்திரு, ரூம க்ளீன் பண்ணு'ன்னு திட்டுமா?" சிரிக்கத்தான் முயன்றேன்.

பிறகு பூஜ்யங்கள். தினமும் காலையில் சுவர்ப் பலகையில் வெள்ளையணு எண்ணிக்கையை எழுதுவார்கள். அது கொல்லி செல்களைத் தனியே காட்டாது. ஆனால் திரும்பி வரும் கூட்டத்தில் முந்தி வருபவை அவைதான் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். பதினாறு நாள் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் தெரியாத அந்த நாட்களில்தான் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத என் ஒரு துண்டு, நான் நுழைய முடியாத அறைக்குள் போய், யாரை நிறுத்துகிறது, யாரை விடுகிறது?

இப்போது மகள் கல்லூரிக்கு மெட்ரோவில் போய் வருகிறாள். மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்காது. நோய் போனதில் மருந்தின் பங்கு எவ்வளவு, என் செல்களின் பங்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு இன்னும் அதை அறிய ஆசைதான்.

அன்று, செல் ஏற்றிய பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. பலகையில் இன்னும் எழுதியிருக்கவில்லை. சிஸ்டருக்கு அன்று விடுமுறை. ஆனாலும் சர்ச்சிலிருந்து நேராக, பட்டுப்புடவையில், மூச்சு வாங்க வந்தார். வார்டிலிருந்து யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். கஷாயத்துக்குப் பிறகு முதன்முறையாக என் கையைப் பிடித்தார்.

"எண்ணிக்கை ஏறிட்டுக்கா. ஒங்க ஆளுவ வந்துட்டாவ. நீங்க வீட்டுக்குப் போயி கொஞ்சம் ஒறங்குங்க. இனி அவுங்க பாத்துக்கிடுவாவ."