குணமாகாத கையை உயர்த்தினேன்

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். என் கையைப் பற்றி நான் சொல்கிற இரண்டாவது சாட்சி இது. முதல் சாட்சி பொய்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறேன். காய்ந்த தேங்காய் மூடியிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கிற வேலை. பதினாறு வருடமாக முழங்கையை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். போன ஜூன் மாதம் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. தூக்கத்தில் அமுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு டம்ளர் நழுவ ஆரம்பித்தது. ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கோயமுத்தூர் டாக்டர், முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் விரலுக்கு உணர்வு திரும்பாது என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். கை போனால் என்னைக் களத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்?

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. நோயாளிக்கு எண்ணெய் தடவி எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். சுகம் கிடைத்ததா என்று அங்கேயே, அப்போதே கேட்பதும் எங்கள் வழக்கம். அன்று முப்பது பேர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எனக்காக முழங்காலில் நின்றார்கள். பாஸ்டரம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்புடி இருக்குது கண்ணு?" என்றார்.

விரலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் பிடித்திருந்ததே தெரியவில்லை. ஆனால் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றால் விசுவாசம் இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"உணர்வு வந்துருச்சுங்கம்மா" என்று சொல்லிக் கையை உயர்த்திவிட்டேன்.

அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மைக்கையும் கையில் கொடுத்தார்கள். முழங்கையில் ஏதோ சூடாக இறங்கியது என்று நானே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

களத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் சாந்தி. என்னைவிட எட்டு வயது இளையவள், எங்கள் சபைதான். அவளுக்கும் அதே இரண்டு விரல் மரத்துக்கொண்டு வந்தது. கோயமுத்தூரில் நரம்பு டெஸ்டுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தாள். என் சாட்சியைக் கேட்டுவிட்டு மறுநாள் சொன்னாள்: "நான் டெஸ்டுக்குப் போகலீங்கக்கா. உங்களுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யாமயா போயிருவாரு?"

போ சாந்தி, கட்டாயம் போ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து பருப்பை நெம்பிக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றேனா? ஆகஸ்டில் யாருக்கும் தெரியாமல் போய் ஆபரேஷன் செய்துகொண்டேன். உடுமலையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேதான் போனேன், அதனால் அது மட்டும் பொய்யில்லை என்று மனதுக்குச் சமாதானம் வேறு. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கட்டோட எத்தன நாளைக்கு ஒளிஞ்சுக்குவே? அந்தப் புள்ளை உன்ற பேச்ச நம்பி உக்காந்துட்டு இருக்குது" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பத்தாம் நாள் காலை சாந்தி போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டு நாளா கரண்டி கூடப் பிடிக்க முடியலீங்க. தெனமும் உங்க சாட்சிய நெனச்சுட்டுத்தான் ஜெபிக்கறேன். எனக்குத்தான் விசுவாசம் பத்தலையாட்ட இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! நான் சொன்ன பொய்க்கு அவள் தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் எத்தனையோ முறை ஜெபித்தேன், எல்லாம் என் கைக்காக. அன்றுதான் வேறு மாதிரி ஜெபித்தேன். கர்த்தாவே, என் விரல் இப்படியே இருந்தாலும் இருக்கட்டும். அவள் கையை விட்டுவிடாதேயும். போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் கொடும்.

தைரியம் வந்ததா என்றால், இல்லை. கால் மட்டும் எழுந்தது. தாராபுரத்தில் பஸ் மாறி மத்தியானம் அவள் வீட்டு வாசலில் நின்றேன். என் கைக்கட்டைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன் என்று நினைத்து, "ஏனுங்கக்கா, என்னாச்சுங்க?" என்று ஓடிவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ உங்க கைக்கு டாக்டரு, என்ற கைக்கு ஜெபமுங்களா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த ஆஸ்பத்திரி எங்கன்னு காட்டுங்க" என்றாள்.

மறுநாளே போனோம். டெஸ்ட் எடுக்க அவளை உள்ளே கூட்டிப்போனதும் வராந்தா பெஞ்சில் வாய்விட்டு ஜெபித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். டாக்டர் எங்களை உட்காரவைத்து, கை மெலிய ஆரம்பித்திருக்கிறது, ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை, சீக்கிரம் செய்தால் திரும்பிவிடும் என்றார். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு நான்தான் சோறு ஊட்டினேன், என் இடது கையால்.

பிறகு சபையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது நியாயம்தான். பாஸ்டரம்மா மட்டும் வந்து, "அத்தன பேரு முன்னால கேட்டது என்ற தப்புந்தான் கண்ணு" என்று அழுதார். இப்போதெல்லாம் எங்கள் சபையில் யாரையும் அந்த இடத்திலேயே சுகமா என்று கேட்பதில்லை.

ஆறு மாதத்தில் சாந்தியின் விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. ஸ்தோத்திரம், நான் கேட்டதை அவர் செய்தார். என் மோதிர விரல் தேறிவிட்டது. சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பிரியமானவர்களே, ஜெபியுங்கள், முழுதாக நம்புங்கள், டாக்டரிடமும் போங்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். கர்த்தருடைய பேரைக் காப்பாற்ற நம் பொய் அவருக்குத் தேவையில்லை.

இருவரும் இப்போது நெம்புகிற வேலையை விட்டுவிட்டு, களத்தில் பருப்பைத் தரம் பிரிக்கிறோம். தினமும் உட்கார்ந்ததும் சாந்தி என் சுண்டுவிரலை அழுத்திப் பார்ப்பாள்.

"இன்னைக்கு ஏதாச்சும் தெரியுதுங்களாக்கா?"

"இல்ல சாந்தி" என்பேன்.