போவோம் என்றவரும் இருப்போம் என்றவரும்

டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற சிறு நகரில் என் கணவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து தமிழருக்கென்று மாதப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். நாலு பக்கம். கல்யாணம், மரணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் வரும். சண்டை முதல் பக்கத்தில் மட்டும்தான். 'யாழ்ப்பாணத்துக்கே திரும்புவோம்' என்று நண்பர் எழுதுவார். 'இனி இதுதான் எங்கள் ஊர்' என்று இவர் அதற்குக் கீழேயே எழுதுவார். இரண்டையும் எழுதுவது எங்கள் சமையலறை மேசையில், என் தேநீரைக் குடித்துக்கொண்டு.

சென்ற மாரியில் நான் அமெரிக்க வரலாறு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும். எனக்குக் கிடைத்தது, நியூயோர்க்கில் கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய முதல் பத்திரிகை. தெற்கில் அடிமைத்தனம் இருந்த காலம். மற்றவர்கள் தங்களை இழிவாக எழுதுவதைப் பொறுக்காமல் தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் கல்யாணம், மரணம், பள்ளி விளம்பரம். ஆசிரியர்களும் இருவர். ஒருவர் சில மாதங்களில் விலகினார். மற்றவர் கடைசியில் 'ஆபிரிக்காவுக்கே போவோம்' என்று எழுதி, வாசகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கப்பலேறிவிட்டார். விலகியவர் திரும்பி வந்து வேறு பெயரில் பத்திரிகை நடத்தினார்.

இதை என் கணவருக்கும் நண்பருக்கும் முன்னால் பேசிப் பழகினேன்.

"பார்த்தியே மச்சான், அந்தாள் எழுதினதோட நிக்கேல்ல, போயிட்டான்," என்றார் என் கணவர்.

"உங்கட கப்பல் எப்ப அண்ணை?" என்று நானும் கேட்டுவைத்தேன்.

"குளிர் முடியட்டும் தங்கச்சி, போறன்."

"குளிர் முடிஞ்சா கோடை. கோடையில இஞ்சயிருந்து ஆர் போவினம்?" என்று இவர் சிரித்தார்.

குளிர் முடிந்ததும் நண்பர் உண்மையிலேயே போய்விட்டார். பிள்ளைகள் டேனிஷில் மறித்தார்கள், அவர் தமிழில் பெட்டி கட்டினார். அந்த மாதம் என் கணவர் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, எழுதேல்லையோ?"

"ஆருக்கு மறுப்பு எழுதிறது?"

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுரை வந்தது. டென்மார்க்கின் ஒழுங்கு, சைக்கிள் பாதை, வெண்ணெய் பூசித் தின்னும் கறுத்த பாண் என்று ஒரே புகழ். இவர் அதை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, கீழே யாழ்ப்பாணத்து மாம்பழத்தைப் புகழ்ந்து தள்ளினார்.

என் பேச்சைத் தமிழாக்கி இரண்டாம் பக்கத்தில் போட்டேன். எஸ்பியர்க் நகரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, அந்தக் கப்பலேறின மனுசனை வீட்டில ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.