விரத வீட்டில் ஒரு முட்டை

அறுபது தாண்டிய எனக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்ததும், என் வீட்டுக்காரர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். நான் நடக்கும்வரை தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் முட்டை, கருவாடு கிடையாது. ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டுக் காலுக்குப் பயிற்சி செய்தேன். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய கால் குச்சியாக மெலிந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். "முட்டை, மீன்னு எதுவுமே சாப்பிடாம பயிற்சி மட்டும் செஞ்சா சதை எப்படிம்மா பிடிக்கும்?"

வீட்டுக்காரர் தலைகுனிந்தார்.

மறுநாள் காலையில் அவரே ஒரு முட்டையை அவித்து, உரித்து என் தட்டில் வைத்தார்.

"சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்றேன்.

"கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நீ சாப்புடு."

நான் நடக்காமல் போனால், முட்டை உரித்த தன் கையைத்தான் அவர் குற்றம் சொல்வார். அந்தப் பயத்தில்தான் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.