ரோஸ் ஃபில்டரும் ஒரு சாம்பல் கூழைக்கடாவும்

அந்த ஃபில்டரை லென்ஸில் திருகும்போதெல்லாம் நறநறவென்று மணல் அரைபடும். மாமல்லபுரத்துக் கடற்கரை மணல்... எத்தனை முறை பிரஷ் போட்டாலும் போகாது. இன்றைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் பல் கூசுகிறது.

செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்யாண ஜோடிகளை மாமல்லபுரம் அழைத்துப்போய் அவுட்டோர் எடுப்போம். அவர்கள் சிங்காரித்துக் கிளம்புவதற்குள் உச்சிவெயில் ஏறிவிடும். அதனாலென்ன? பாதி ரோஸ், பாதி வெறும் கண்ணாடியாக இருக்கும் அந்த ஃபில்டரை மாட்டினால் பன்னிரண்டு மணி வானம் சாயங்கால வானமாகிவிடும். ஜோடிக்கும் சந்தோஷம், ஓனருக்கும் சந்தோஷம்.

லீவு நாளில் நானும், கூட வேலை பார்த்த டேவிட்டும் ஸ்டூடியோ கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேடந்தாங்கல் போவோம். ஒரு மார்கழிக் காலை... வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கை சும்மா இருக்குமா? பையிலிருந்த ரோஸ் ஃபில்டரை எடுத்து மாட்டினேன். ஏரி நடுவே ஒரு மரத்து உச்சியில் கூழைக்கடா. ஒரு க்ளிக். அவ்வளவுதான்.

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டேன். அதுவரை நான் போட்ட படங்களுக்கு ஒரு கட்டைவிரல்கூட விழுந்ததில்லை. அன்றைக்கு அரை மணி நேரத்தில் குரூப்பே அல்லோலப்பட்டது.

காரணம் ஜெயந்தி மேடம். ஊரப்பாக்கத்தில் வீடு, பேங்க் வேலை. எந்த ஏரிக்கு எந்தப் பறவை வந்தது என்று பல வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வருபவர். அந்த நோட்டில் இருந்தால் குரூப்பில் மறுபேச்சு கிடையாது. அவர் எழுதியிருந்தார்: "இது ரோஸி பெலிகன் மாதிரி தெரியுதே!"

நம் ஏரியில் இருப்பவை சாம்பல் நிறக் கூழைக்கடாக்கள். இளஞ்சிவப்புச் சாயலுள்ள ரோஸி வகை எப்போதாவது வழி தப்பி வரும் விருந்தாளி. படமோ தூரத்தில் எடுத்தது, அலகுகூடத் தெளிவாக இல்லை. கைத்தட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. "ஃபில்டர் மேடம்" என்று இரண்டு வார்த்தை அடித்திருந்தால் முடிந்திருக்கும். அடித்தேன்... அழித்தேன். முதல்முறையாகப் பாராட்டு வந்திருக்கிறது, விட மனசு வரவில்லை.

சாயங்காலம் மேடத்திடமிருந்து இன்னொரு மெசேஜ். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எல்லாரும் ஏரிக்கரைக்கு வந்துடுங்க. தம்பி மரத்தைக் காட்டுவான்."

டேவிட்டிடம் போனை நீட்டினேன்.

"இன்னா மச்சான், அது எப்பவும் குந்திகினு கீற சாம்பல் பெலிகன்தானே?" என்றான் டேவிட்.

"கம்முனு இரு மச்சான். பறந்து பூட்ச்சுனு சொல்லிக்கலாம்."

"பெரிய பேஜாராப் பூடும்... நான் சொல்லிட்டேன்."

காலையில் போனால் கரையில் நாலு கார். திண்டிவனத்திலிருந்து ஒருவர் லீவு போட்டு வந்திருந்தார். மேடம் எல்லோருக்கும் இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு மட்டும் இரண்டு. இரண்டையும் பிரிக்காமலே பையில் போட்டேன்.

கூழைக்கடா பறந்தெல்லாம் போகவில்லை. அதே மரம், அதே உச்சி. நல்ல சாம்பல் நிறத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் வேறொரு மரத்தைக் காட்டினேன். பாவம், முக்கால் மணி நேரம் பைனாகுலரை இறக்காமல் அந்த மரத்தையே பார்த்தார் மேடம்.

கடைசியில் நோட்டைத் திறந்தார். "பரவால்ல தம்பி, பறவைன்னா அப்படித்தான். உன் போட்டோ இருக்கு, உன் மேல நம்பிக்கை இருக்கு. உன் பேர்லயே எழுதிடறேன்." பேனா மூடியைக் கழற்றினார்.

அத்தனை வருஷ நோட்டில் ஒரு பொய் வரி கிடையாது. முதல் பொய் என் பேரில் விழப்போகிறது. பையில் கையை விட்டு ஃபில்டரை எடுத்து நீட்டினேன்.

"இன்னாப்பா இது?"

"கண்ணுகிட்ட வெச்சு... அந்த நடு மரத்தைப் பாருங்க மேடம்."

வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கூழைக்கடா, கொக்கு, நாரை எல்லாமே ரோஸாகத்தான் தெரிந்திருக்கும். நான் தலையைக் குனிந்து நின்றேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் பேனாவை மூடினார். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அது சாதா பெலிகன்தாங்க. போட்டோவைப் பார்த்துட்டு நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார். என் பேரை எடுக்கவே இல்லை. திண்டிவனத்துக்காரர் முகம் தொங்கிப்போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஃபில்டரைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார் மேடம். "இது என்கிட்ட இருக்கட்டும்."

ஓனரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த மாதிரி கண்ணாடியை யார் திருகுகிறார்கள்? போனில் விரலால் தேய்த்தால் வானம் கேட்ட கலருக்கு வருகிறது. அன்றைக்கு ஒரு பொய்ப் படத்தை நம்பி நாலு கார் வந்தது. இன்றைக்கு உண்மைப் படத்தை நம்ப ஆளில்லை.

போன வாரம் மாமல்லபுரம் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம். சிறகை விரித்தபோது அப்படி ஒரு சிவப்பு... லென்ஸ் மேல் ஒன்றுமே மாட்டாமல் எடுத்து, அதே குரூப்பில் போட்டேன். முதல் கமெண்ட்: "எந்த ஃபில்டர் அண்ணாத்த?" பின்னாலேயே சிரிப்புப் பொம்மைகள்.

"ஃபில்டர் இல்லை" என்று அடித்தேன்... அழித்தேன். நான் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

மேடம் ரிட்டயராகி மகளோடு வெளியூர் போய்விட்டார். குரூப்பில் அவர் எழுதியே ரொம்ப நாளாகிறது. அன்றைக்கு எழுதினார்.

"அவன் போட்டிருக்க மாட்டான். அவன் ஃபில்டர் என்கிட்டதான் இருக்கு. தம்பி, எந்த இடம்னு சொல்லு... நோட்டுல உன் பேர்ல எழுதணும்."